வலது தோள்

பிப்ரவரி 11, செவ்வாய்

முதல் பீரியடுக்கு மணி அடிக்கும் நேரத்தில் ஓசூர் பேக்டரியிலிருந்து இவர் போன் செய்தார். இவர் காலை நேரத்தில் கூப்பிட்டால் ஒன்று காஸ் சிலிண்டர் விஷயமாக இருக்கும், இல்லாவிட்டால் நான் செய்த ஏதாவது தவறாக இருக்கும். இன்று என் தவறு. கார் இவர் பெயரில் இருப்பதால் போலீஸ் அனுப்பும் செய்தி இவர் போனுக்குத்தான் போகும். சீட் பெல்ட் அணியவில்லை, ஆயிரம் ரூபாய் அபராதம், கூடவே ஒரு படம்.

"பெல்ட்டு மாட்டி உடறதுக்கும் ஓசூர்ல இருந்து நானே வரோணுமா?" என்றார்.

படத்தை அனுப்பச் சொன்னேன். வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் பொங்கல் கழிந்து புதிதாக வைத்த கேமரா எடுத்தது. மேலிருந்து பார்க்கும் கோணம். எங்கள் வெள்ளைக் கார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான். என் தோளில் பெல்ட் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்து சீட்டில், தினமும் என்னோடு பள்ளிக்கு வரும் ஜெசிந்தா டீச்சர், வாய் திறந்தபடி. அவள் வாய் மூடியிருக்கும் படம் கிடைப்பதுதான் அபூர்வம். அவளைச் சுற்றித்தான் சிவப்புக் கட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஜெசிந்தா பெல்ட் போட்டிருந்தாள். தினமும் போடுகிறாள். கஞ்சி போட்ட காட்டன் சேலைக்கு மேல் பெல்ட்டை மாட்டினால் பதினான்கு கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் மார்பின் குறுக்கே நாலு விரல் அகலத்துக்குக் கசங்கிவிடும். அந்தக் கசங்கலோடு நாற்பத்தைந்து பெண் பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். அதனால் முந்தானையைத் தூக்கி, பெல்ட்டை உள்ளே விட்டு மாட்டி, முந்தானையை மேலே இறக்கிவிடுவோம். எங்கள் பள்ளியில் காரில் வரும் ஆசிரியைகள் அத்தனை பேரும் இப்படித்தான். பெல்ட் இருக்கும். வெளியே தெரியாது.

கேமராவைச் செய்தவர்கள் யாரும் சேலை கட்டியதில்லை.

பிப்ரவரி 15, சனி

கட்டுப்பாட்டு அறை போக்குவரத்துக் காவல் நிலையத்தின் மாடியில் இருக்கிறது. எஸ்.ஐ. பெயர் பரிமளா, முப்பது வயதிருக்கும். படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, பெல்ட் இல்லை என்றார். இருக்கிறது என்றேன். இப்படியே நாலு தடவை. கடைசியில் எனக்குப் பொறுமை போய், கீழே வாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.

நல்லவேளை, வந்தார். ஜெசிந்தா காரில் உட்கார்ந்து எப்போதும் போல மாட்டினாள். ஒரு காவலரை மாடிப்படியில் நிற்க வைத்து மேலிருந்து படம் எடுக்கச் சொன்னார் பரிமளா. பெல்ட் சுத்தமாகத் தெரியவில்லை. ஜெசிந்தா முந்தானையைத் தூக்கியதும் பெல்ட் வந்தது. பரிமளா சிரித்துவிட்டார். எட்டு வருடமாக யூனிபார்மிலேயே திரிவதால் தனக்கு இது தோன்றவே இல்லை என்றார்.

அபராதம் ரத்து. அதோடு, படங்களைச் சரிபார்க்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு குறிப்பு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். படம் வரையாமல் விடுவேனா. ஒரு முழுப் பக்கம், இரண்டு சீட்டுக்கும் தனித்தனிப் படம், அம்புக்குறி எல்லாம் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆசிரியர் அறையில் ஜெசிந்தா கதையை ஏழு தடவை சொன்னாள். ஏழாவது தடவை நான் எஸ்.ஐ.யையே அதட்டியிருந்தேன். அவள் பாளையங்கோட்டைக்காரி, இங்கே கல்யாணமாகி வந்து இருபத்தேழு வருடமாகியும் பேச்சும் மாறவில்லை, அளவும் குறையவில்லை.

மார்ச் 24, திங்கள்

குளிக்கும்போது வலது பக்கம் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு இருக்கும். சனிக்கிழமை தேர்வுக் கூடத்தில் பெஞ்சு இழுத்துப் போட்டதில் சதை பிடித்திருக்கலாம். பொதுத் தேர்வு முடியட்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

விடைத்தாள் திருத்தும் முகாம். மின்விசிறி நேரே தலைக்கு மேல். தாள்களை ஒரு கையால் அழுத்திக்கொண்டே திருத்த வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை ஈர்ப்பு விசைக்கு விடையாக 'அன்பு' என்று எழுதியிருந்தது. மதிப்பெண் போட வழியில்லை.

அது இன்னும் இருக்கிறது. முகாம் முடியட்டும்.

மே 18, ஞாயிறு

அக்காவின் திதி. ஆறு வருடமாகிவிட்டது. அத்தான் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஒவ்வொரு வருடமும் பேசுவதையே பேசினார்கள். எம்.காம். படித்தவள், வங்கியில் வேலை பார்த்தவள், மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் எட்டு மாதம் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆடிட் முடியட்டும், மகன் அட்மிஷன் முடியட்டும், புது வீட்டுப் பால் காய்ச்சல் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் எங்களிடம் கோபித்துக்கொண்டார், அவளிடம் கோபிக்க முடியாமல்.

எனக்கு அவள் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. இவ்வளவு படித்தும் இப்படியா?

வீட்டுக்கு வந்து நான்கு ரவிக்கைகளில் வலப்பக்கத் தையல் ஒன்றைப் பிரித்துவிட்டேன். வெயில் காலத்தில் இறுக்கமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகவில்லை, மறுபடியும் செய்தி. இந்த முறை சிவப்புக் கட்டம் என்னைச் சுற்றி. 'ஓட்டுநர் சீட் பெல்ட் அணியவில்லை.'

அதே பாலம், அதே கேமரா, அதே முட்டாள்தனம். ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தேனே, அதை எந்த மூலையில் போட்டார்களோ. ஜனவரியிலிருந்து ஒரு தடவை கூட என்னைப் பிடிக்காத கேமராவுக்கு ஜூனில் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டது. கோடை விடுமுறையில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது 'க்ளிக்' என்ற சத்தம் கேட்டது. பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி கத்தும், இன்று கத்தவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சீட்டில் முதுகுப் பக்கம் ஏதோ உறுத்துகிறது. ஒரு பூத்துவாலையை மடித்துப் போட்டிருக்கிறேன். சீட் கவர் மாற்ற வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாவது. இவர் இப்போது பேசுவதுகூட இல்லை. படத்தை அனுப்பிவிட்டு கீழே ஒரு கும்பிடு பொம்மை போடுகிறார்.

மனு எழுதினேன். பிப்ரவரியில் நடந்ததைக் குறிப்பிட்டு, முந்தானைக்குள் பெல்ட் அணிவது இந்தப் பகுதிப் பெண்களின் வழக்கம் என்று தாங்களே ஏற்றுக்கொண்டபின் மீண்டும் மீண்டும் அபராதம் விதிப்பது அலட்சியம் என்று காட்டமாகவே முடித்தேன். நகல் எடுக்கப் போன கடையில் மின்சாரம் இல்லை. தபால் நிலையத்தில் பசை இல்லை. இந்த ஊரில் ஒரு நியாயம் கேட்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

காரில் ஜெசிந்தாவிடம் மனுவைப் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே காரில் ஏறினால் ஜன்னலையே பார்க்கிறாள்.

ஜூன் 29, ஞாயிறு

இவர் நேற்று வந்தார். காலையில் உழவர் சந்தைக்கு இவரே காரை எடுத்தார். ஓட்டுநர் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இதென்ன, பெல்ட்டு ஆளே இல்லாம மாட்டிக் கெடக்குது?"

பட்டை சீட்டின் முதுகோடு ஒட்டிப் போய் பக்கிளில் மாட்டியிருந்தது. நேற்று சீட்டைத் துடைத்தபோது மாட்டி வைத்தேன் என்றேன். சீட்டைத் துடைத்தால் பெல்ட்டை எதற்கு மாட்டுவது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவருக்கு வெண்டைக்காய் பிஞ்சாகக் கிடைக்கவேண்டும் என்ற கவலை. கழற்றி, தான் போட்டுக்கொண்டு போனார்.

சந்தையிலிருந்து வந்து ஒரு மணி நேரம் விரிவுரை. மறதி, கவனக்குறைவு, நாற்பத்தாறு வயதாகிறது, நீயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாய். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன். மறதி என்று பெயர் வாங்குவதில் ஒரு வசதி இருக்கிறது. மேலே கேள்வி வராது.

ஜூலை 4, வெள்ளி

மூன்றாவது படமும் மனுவுக்குப் பதிலும் ஒரே நாளில். 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. விளக்கம் வேண்டின் நேரில் வரவும்.'

வருகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

பதினொன்றாம் வகுப்பில் நிலைமம். ஓடுகிற பஸ்ஸில் பிரேக் போட்டால் ஏன் முன்னால் சாய்கிறோம், சீட் பெல்ட் எதற்கு. வருடா வருடம் இதே உதாரணம்தான். மேஜை மேல் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து, அதில் சாக்பீஸை நிறுத்தி, இழுத்து நிறுத்திக் காட்டினேன். சாக்பீஸ் பறந்து போய் விழுந்தது.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப தடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்குமா மிஸ்?"

ஆமாம் என்றேன். எதிரே ஏதாவது ஒன்றில் மோதுகிற வரைக்கும்.

நல்ல கேள்விதான். ஏனோ அதற்கப்புறம் பாடம் ஓடவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 19, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். அப்போதுதான் எங்கே பிசகியது என்று தெரியும்.

ஜெசிந்தாவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஒன்பதரைக்கெல்லாம் போய்விட்டேன். பரிமளா எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நான் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். பிப்ரவரியில் சரியாக இருந்தது ஜூனில் எப்படித் தவறானது? அதே கார், அதே சேலை, அதே வழக்கம். ஒரு ஆசிரியையைப் பொய்க்காரி ஆக்குவதற்கா இத்தனை கேமரா? குரல் உயர்ந்துவிட்டது; பக்கத்து மேஜைக் காவலர் டீயை வைத்துவிட்டுப் பார்த்தார். பரிமளா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு இழுப்பறையிலிருந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

என் கையெழுத்து. என் படம். என் அம்புக்குறிகள்.

"மூணாவது வரியப் படிங்க டீச்சர்."

படித்தேன். 'முந்தானை இடது தோளில் விழுவதால் இடப்பக்க இருக்கையில் இருப்பவரின் பெல்ட் முழுவதும் மறைந்துவிடும். ஓட்டுநரின் பெல்ட்டோ வலது தோள் வழியாக வருகிறது. அங்கே முந்தானை கிடையாது. எனவே உள்ளே போகும் முன் தோளில் அது கட்டாயம் தெரியும்; ஓட்டுநரைப் பொறுத்தவரை எந்தக் குழப்பமும் வராது.'

எந்தக் குழப்பமும் வராது என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

"இங்க படம் பாக்கற எல்லாத்துக்கும் இதத்தானுங்க பாடமா வெச்சிருக்கறோம்," என்றார் பரிமளா. "உங்க மூணு படத்துலயும் வலது தோள்ல ஒண்ணுமே இல்லீங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஜெசிந்தா பக்கம் திரும்பி, நீங்கள் கூடவே இருந்தீர்களே, போட்டிருந்தார்களா என்று கேட்டார். ஜெசிந்தா சுவரிலிருந்த திரையையே பார்த்தாள். அதில் பாலத்து இறக்கத்தில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. இருபது வருடத்தில் அவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

பரிமளா மூன்று படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிப்ரவரிப் படத்தையும் எடுத்து ஓரத்தில் வைத்தார். பிப்ரவரியில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். மற்ற மூன்றிலும் இடது கை மட்டும்தான் ஸ்டியரிங்கில் இருக்கிறது. வலது கை முழங்கையோடு மடங்கி மார்போடு ஒட்டியிருக்கிறது. மூன்றிலும் ஒரே மாதிரி. நான் அப்படி உட்காருவது எனக்கே தெரியாது.

"ஏதாச்சும் அடிபட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

ஒன்றுமில்லை என்றேன்.

"பெல்ட்டு போட முடியாத அளவுக்கு வலின்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட வெச்சு, முடிஞ்சத நான் பண்றேன். டாக்டர் சீட்டு இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

கீழே வந்தோம். ஆயிரம் ரூபாய்க்காக டாக்டரிடம் போக வேண்டுமாம் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தேன். ஜெசிந்தா அவள் பக்கத்திலிருந்து குனிந்து, என் சீட்டுப் பக்கிளின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். முதுகோடு கிடந்த பட்டை விருட்டென்று சுருண்டு மேலே போனது.

"இப்ப போடு," என்றாள்.

உட்கார்ந்து இழுத்தேன். தோளில் இருந்து இறங்கும்வரை ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. பிடித்துக்கொண்டே இருந்தேன். மாட்டவும் இல்லை, விடவும் இல்லை.

"மார்ச்சுல இருந்து பாக்கேன்," என்றாள். "பைய எடது தோளுக்கு மாத்திட்டே. போர்டுல மேல எழுத மாட்டேங்கே. கேட்டா வெயிலுங்கே. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்ட்டி. நானும் தப்புத்தான் பண்ணிட்டேன்."

சதைப் பிடிப்பு என்றேன்.

"கேமராகிட்ட சண்ட போட்டு நீ செயிச்சிருவே. அதுக்கப்புறம் யாருகிட்ட போயி மனு குடுப்பே? உங்க அக்கா யாருகிட்ட குடுத்தா?"

வண்டியை எடுத்தேன். பெல்ட் போடவில்லை என்று வண்டி வீடு வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை.

ஜூலை 23, புதன்

டாக்டர் சீட்டு வாங்கத்தான் போனேன். இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

நான்காவது ஆளாக டோக்கன். முன்னால் இருந்த அம்மாள் தன் மருமகளின் சமையல் பற்றி எனக்கு முழுதாகச் சொல்லி முடித்த பிறகு கூப்பிட்டார்கள். பெண் டாக்டர். விஷயத்தைச் சொன்னேன்: வலது பக்கம் சதை வலி, பெல்ட் அழுத்துகிறது, அபராதம் போடுகிறார்கள், ஒரு கடிதம் வேண்டும். அவர் பேனாவை எடுக்காமல் திரைக்குப் பின்னால் வரச் சொன்னார்.

எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். ஒரு பத்து நாளாக என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மார்ச் இருபத்து நான்கு என்று வந்துவிட்டது.

"தேதியோட சொல்றவங்க கம்மி," என்றார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று அடுத்த கேள்வி. அக்காவுக்கு என்றேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் கை இன்னும் மெதுவாக ஆனது.

கடிதம் தரவில்லை. பெல்ட் போடாமல் இருப்பதற்குத் தன்னால் எழுதித் தர முடியாது, துண்டை மடித்து அந்த இடத்தில் வைத்துப் போடுங்கள் என்றார். அதற்குப் பதிலாக வேறு தாளில் நிறைய எழுதினார். மேமோகிராம், ஸ்கேன், ஊசிப் பரிசோதனை. சனிக்கிழமைக்குள்.

ஒரு கடிதம் கேட்டால் மூன்று சோதனை தருகிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

முதுகுக்குப் போட்டிருந்த துவாலையை எடுத்து முன்னால் வைத்து பெல்ட் போட்டேன். வலித்தது. ஜெசிந்தா பள்ளி வரும்வரை அவள் தம்பி மகள் கல்யாணப் பட்டுச் சேலையைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள்.

ஜூலை 26, சனி

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஏ.சி. அதிகம். ஊசி போடும்போது மேலே பார்க்கச் சொன்னார்கள். ஃபால்ஸ் சீலிங்கில் அட்டை ஒன்று விலகியிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறதோ, யாருக்கும் சரிசெய்யத் தோன்றவில்லை. வெளியே ஜெசிந்தா ஜெபமாலையை வைத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அவளால் முடியும்.

முடிவு வர ஒரு வாரமாகும். முதல் இடைத்தேர்வுத் தாள்கள் நூற்றுப்பத்து திருத்தக் கிடக்கின்றன.

ஆகஸ்ட் 2, சனி

தாள்கள் திருத்தி முடித்தேன். மொத்தக் கூட்டலில் ஒன்பது இடத்தில் பிழை. மறுபடி எல்லாவற்றையும் கூட்டினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அதுதான்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். கட்டி சின்னது. அக்குளில் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை. அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு மருந்து. எவ்வளவு, எத்தனை நாள் என்பது எடுத்துப் பார்த்த பிறகு. இது குணமாகக்கூடிய நிலை என்று இரண்டு தடவை சொன்னார். "இன்னும் நாலு மாசம் விட்டிருந்தீங்கன்னா பேச்சே வேற," என்றும் சொன்னார்.

நான்கும் நான்கும் எட்டு. அக்காவின் கணக்கு அது. பாதி வழி அதே ரோட்டில்தான் போயிருக்கிறேன், அவளைத் திட்டிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து இவருக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதும் இவர், மறுபடியும் கேமராவா என்றார். இல்லை என்று சொல்லி, டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது குறைந்தது, வெளியே வந்திருக்கிறார்.

"அன்னிக்கு அந்தப் பெல்ட்டு..." என்றார்.

ஆமாம் என்றேன்.

"மாட்டிக் கெடந்துச்சே. நாந்தான கழட்டுனேன். கழட்டிப் போட்டுட்டு வெண்டைக்காய் வாங்கப் போயிட்டேன்."

இவர் அழுது நான் கேட்டதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், வெண்டைக்காய் நன்றாகத்தான் இருந்தது என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அபராதம் மூன்றையும் கட்டிவிட்டேன். கட்டிய அரைமணியில் பரிமளா கூப்பிட்டார். டாக்டர் சீட்டுக்காகத் தான் காத்திருந்ததாகவும், அதற்குள் ஏன் கட்டிவிட்டேன் என்றும் கேட்டார். டாக்டர் தரவில்லை என்றேன்.

"தரலீங்களா? அப்ப வலி ஒண்ணும் பெருசில்லீங்களா?"

சொன்னேன். இவருக்கும் ஜெசிந்தாவுக்கும் அடுத்து மூன்றாவதாக ஒரு போலீஸ்காரிக்குச் சொல்வேன் என்று நினைக்கவில்லை. மூன்றாவது படத்தை அனுப்பும்போதே கை வைத்திருந்த விதம் மனதில் பட்டது, அப்போதே போன் செய்து கேட்டிருக்க வேண்டும் என்றார். கேட்டிருந்தால் உங்கள் மேலும் ஒரு மனு எழுதியிருப்பேன் என்றேன். சிரித்தார். சரியாகச் சிரிக்க வரவில்லை அவருக்கு.

ஆகஸ்ட் 9, சனி

தலைமையாசிரியையிடம் விடுப்புக் கடிதம். காரணம் என்ற இடத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதிவிட்டு, அடித்து, நோயின் பெயரை எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லுங்கள் என்றேன். ஆசிரியர் அறையில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம். எத்தனை பேர் எதை முடியட்டும் என்று வைத்திருக்கிறார்களோ.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை. ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன், மூன்று பேரும் வேறு ஒருவரிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காலையில் இவர்தான் ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில், ஜெசிந்தா பின்னால், மடியில் மூன்று அடுக்குத் தூக்குவாளியோடு. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. கிளம்பும்போது பழக்கத்தில் முந்தானையைத் தூக்கி, பெல்ட்டை உள்ளே விட்டு மாட்டினேன். இந்தப் பக்கம் இடது தோள். அந்த இடத்தில் படவில்லை.

பாலம் ஏறும்முன் தோன்றியது. கழற்றி, முந்தானைக்கு மேலே எடுத்து மாட்டினேன். கஞ்சி போட்ட சேலை, அக்கா வாங்கித் தந்தது, பச்சைக் கரை.

"கசங்கிப்போயிருமே," என்றார் இவர்.

கசங்கட்டும் என்றேன்.

கேமராவைத் தாண்டினோம். நான் நிமிர்ந்து அதைப் பார்த்தேன். இவர் போன் எனக்கும் இவருக்கும் நடுவே கிடந்தது. சந்தைப்பேட்டை தாண்டியிருப்போம், அது ஒலித்தது. வண்டி மெதுவானது. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது: மேலே போட்டும் தெரியவில்லையா, இதற்கு மேல் ஒரு பெண் என்ன செய்வாள்?

"எடுத்துப் பாரு," என்றார் இவர்.

எடுத்துப் பார்த்தேன். காஸ் சிலிண்டர். இன்று வீட்டுக்குக் கொண்டு வருகிறார்களாம்.

பின்சீட்டில் தூக்குவாளி குலுங்கக் குலுங்க ஜெசிந்தா சிரித்தாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வீட்டில் யாரும் இல்லையே, என்ன சொல்வது என்று கேட்டார்.

சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லுங்கள் என்றேன். சனிக்கிழமை நான் வீட்டில் இருப்பேன்.